தனகோட்டியின் பட்டம்

கணவர் தனகோட்டியின் காரியத்துக்கு அஞ்சலி பேனர் அடிக்கக் கன்னியம்மா ஒக்கலிபுரத்துக் கடைக்கு வந்திருந்தாள். படத்துக்குக் கீழே என்ன பட்டம் போடுவது என்று கடைக்காரர் கேட்டதும் அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் தொங்கிய பேனர்களிலெல்லாம் தலைவர், செயலாளர் என்று இருந்தது. தனகோட்டி மூட்டை தூக்கியவர்.

“ஒண்ணும் இல்லன்னா அந்த இடம் காலியாதாம்மா கிடக்கும்.”

மனுஷன் வாழ்ந்ததற்கு ஒரு வரிகூடவா இல்லை என்று அவள் கண் கலங்கினாள். ஆனால் தெய்வம் யாரையும் பேரில்லாமல் அனுப்புவதில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அன்வர் படத்தை எட்டிப் பார்த்தார்.

“அரே, இவரா! மழையில ரயில் பாலத்தடியில என் வண்டி நின்னப்பெல்லாம் தள்ளிவிட்டவரு அக்கா. டீ வாங்கித் தரேன்னா, ‘போய் சவாரியப் பாருடா’ன்னு திட்டுவாரு.”

“என் பைக்கையும் தள்ளியிருக்காரு,” என்றார் கடைக்காரர் மெதுவாக.

கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதான் மழைன்னா நனைஞ்சு வந்து நின்னாரா! சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்லாத மனுஷன்!”

‘ஆயிரம் வண்டிகளைக் கரையேற்றியவர்’ என்று பெரிய எழுத்தில் பேனர் தயாரானது.

அன்வரே அவளை ஏற்றிக்கொண்டார். வழியில் மழை பிடித்தது. பாலத்தடியில், முழங்கால் தண்ணீரில், ஆட்டோ இருமிவிட்டு நின்றது.

“நீங்க உக்காருங்க அக்கா.”

“அவரு உக்காரட்டும். என்னைக்கும் தள்ளினவருதானே!”

பேனரைச் சீட்டில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்னியம்மா இறங்கினாள். அவள் தள்ளத் தொடங்கியதும் யாரோ இருவர் ஓடிவந்து கைகொடுத்தார்கள்.

ஆயிரத்தோராவது வண்டி கரையேறியது.