இரண்டரை சென்டிமீட்டர்

காரின் அடியில் மல்லாந்து கிடந்தவரின் நெஞ்சின்மேல் கைபேசி இருந்தது. அதிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வண்டி எவ்ளோ இறங்கியிருக்கு? ஸ்கேல் வச்சுப் பாத்தீங்களா?"

இரண்டு முறை பார்த்துவிட்டார். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே நேற்றிருந்த இடைவெளிதான் ஏறக்குறைய இன்றும் இருந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். முப்பது வருடமாக ஓர் அளவையும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

"அரை சென்டிமீட்டர்."

"ரெண்டரை இறங்கணும்."

"தெரியும்மா."

கைபேசியில் ஆக்சிஜன் மெஷினின் சத்தமும் கேட்டது. அவள் மாடியில் படுத்திருந்தாள். இனி படியிறங்கப் போவதில்லை. எத்தனை நாள் என்று கேட்டதற்கு டாக்டர் விரல்களைப் பார்த்துக்கொண்டாரே தவிர, எண்ணிச் சொல்லவில்லை.

"அப்பவே சொன்னேன் மாமா," என்றான் பக்கத்தில் குந்தியிருந்த மைத்துனன். பட்டறை வைத்திருப்பவன். "பழைய ஸ்பிரிங்லயே ரெண்டு சுத்து அறுத்து விட்டிருந்தா பத்து நிமிஷ வேலை. அக்கா கேட்டாத்தானே?"

"காது நல்லாத்தான் கேக்குதுடா," என்றது கைபேசி. "அறுத்தா அது ஸ்பிரிங் இல்ல, வெறும் கம்பி. பள்ளத்துல விழுந்தா முதுகெலும்பு எகிறிடும்."

இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டப் பழக்கியவள். அத்தனை வருடமும் அடுத்தவர்கள் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தவள். ஓய்வு பெற்றதும் யாரையும் கேட்காமல் இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தாள். பின்சீட் எங்கே என்று அவர் கேட்டபோது, "இனிமே யாரையும் ஏத்துறதா இல்ல, உங்களைத் தவிர," என்றாள். ஆனால் அந்தக் கார் அவள் கண்ணுக்கு எப்போதும் நுனிக்காலில் நிற்பதுபோல் இருந்தது. அதைத் தரையில் உட்கார வைக்க வேண்டும். நோய் வந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிற்று.

படுக்கை முழுக்கப் புத்தகங்களும் படங்களும் பரப்பி, எந்த ஸ்பிரிங் போடுவது என்று ஒரு மாதம் யோசித்தாள். காற்றுப் பையில் நிற்கிற வகையை, "பலூன்ல போக நான் என்ன சர்க்கஸா?" என்று தள்ளினாள். திருகித் திருகி உயரம் மாற்றுகிற வகையைப் பார்த்ததும் கணவரைப் பார்த்தாள். "இவர் கையில கிடைச்சா தினம் திருகிட்டே இருப்பாரு." கடைசியில் குட்டை ஸ்பிரிங்கும் அதற்கென்றே செய்த ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட். இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம். "பந்தயத்துக்கு இல்ல, ரோட்டுக்கு," என்று தீர்ப்பு சொன்னாள்.

தெருமுனை வேகத்தடையில் காரின் வயிறு தட்டும் என்று மைத்துனன் அடித்துச் சொன்னான். ரெண்டு பேர் உட்கார்ந்து போனாலும் வயிற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். "ஏறும்போது தட்டாதுடா. இறங்கும்போது வண்டி குனியும்ல, அப்பத்தான் தட்டும். அந்தக் குனியுறதப் பிடிச்சு நிறுத்தத்தான் நல்ல ஷாக்."

சாவைப் பற்றி அவளுக்குக் கேள்வி எதுவும் இருக்கவில்லை. தட்டுமா, தட்டாதா என்பது ஒன்றுதான் பாக்கி.

"ஏங்க, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஆர்ம்ல ரப்பர் புஷ் இருக்குல்ல, அதோட போல்ட்ட எப்ப முறுக்குனீங்க?" என்றது கைபேசி.

"காலைல."

"வண்டி தரையில நிக்கும்போதா, ஜாக்கில தொங்கும்போதா?"

அவர் தலையைத் திருப்பி மைத்துனனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

"யாருடா முறுக்குனது?"

"...நாந்தான்க்கா."

கைபேசியில் சிரிப்பு வெடித்தது. அது இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. "மேடம், மெதுவா, மெதுவா," என்று பேக்கரிக்காரம்மாவின் குரல். அவளிடம் ஓட்டப் பழகி, ஆறு முறை டெஸ்டில் தோற்று ஏழாவதில் லைசென்ஸ் வாங்கியவர். தினமும் வந்து உட்கார்ந்திருப்பார்.

"தொங்குற நிலையில முறுக்குனா ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும்டா! கீழ விட்டாலும் வண்டிய மேலயே தாங்கி நிக்கும். இருபது வருஷமா பட்டறை வச்சிருக்கியாம், பட்டறை! லூஸ் பண்ணு. தரையில நிக்க வச்சு நல்லா அழுத்தி ஆட்டு. அப்புறம் முறுக்கு."

கீழே நுழைய இடம் வேண்டி நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே கனப் பலகைகள் வைத்தார்கள். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கடைசியை அவிழ்த்துவிட்டு இருவரும் முன்னும் பின்னும் கைவைத்து அழுத்தினார்கள். உள்ளே எங்கோ ரப்பர் முனகியது. கார், நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் நாற்காலியில் சாய்வதுபோல் மெல்ல இறங்கியது.

போல்ட்டுகளை முறுக்கி முடித்ததும் அவர் அளந்தார். கைபேசியை எடுக்காமல் மாடிக்கே ஓடினார்.

"ரெண்டரை!"

"நாலு பக்கமும்?"

"நாலு பக்கமும். இம்மி பிசகல."

அவள் போர்வைக்குமேல் இரண்டு கைகளையும் எடுத்துத் தட்டினாள். சத்தமே வராத கைத்தட்டல்.

"இப்பவே ஓட்டிக் காட்டட்டுமா?"

"கை முழுக்க கிரீஸ். கழுவிட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க. மேடு எங்கயும் ஓடிடாது."

அவர் குளியலறையில் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பேக்கரிக்காரம்மா வந்து கதவருகே நின்றார். குழாயை மூடச் சொல்வதுபோல் கையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கறுப்பு அமரர் ஊர்தி வந்தது. அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, தெருமுனை வேகத்தடை மேட்டைத் தாண்டியதும் நின்றது. பின்னால், மேட்டுக்கு இப்பால், அவர் அவளுடைய காரில் தனியாக வந்துகொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னது மைத்துனன். இஸ்திரி போட்ட சட்டையுடன் ஓடிவந்து காரின் கண்ணாடியைத் தட்டினான். கண்கள் வீங்கியிருந்தன.

"மாமா, தனியா போனா போங்கு ஆட்டம். அக்கா ரெண்டு பேருக்குத்தான் கணக்குப் போட்டுச்சு."

நடந்துவந்தவர்களில் பேக்கரிக்காரம்மாவைவிடக் கனமானவர் யாரும் இல்லை. அவர் மூச்சுவாங்க உள்ளே இறங்கி உட்கார்ந்தார். கார் இன்னும் ஒரு நூல் தாழ்ந்தது.

மேட்டுக்கு நாலடி முன்னால் வந்ததும் பேக்கரிக்காரம்மா பக்கம் திரும்பினார் லென்ஸ்காரர்.

"ஏன் மூச்சடக்குறீங்க?"

"எடை குறையுமான்னு..."

"விடுங்கம்மா. முழு எடையும் வேணும்."

மைத்துனன் சாலை ஓரமாகக் குப்புறப் படுத்துவிட்டான். கன்னத்தைத் தாரில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் வந்த வண்டிகள் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

முன்சக்கரம் ஏறியது. இறங்கியது. கார் குனிந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பல்லில் மண் கடிபடுவது போன்ற அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கார் ஒரே ஒரு முறை நிமிர்ந்து, அப்படியே நிதானித்தது. பின்சக்கரமும் இறங்கியது. சத்தம் வரவில்லை.

பக்கத்தில் பேக்கரிக்காரம்மா சீட்டைப் படார் படாரென்று அறைந்தார். லைசென்ஸ் கிடைத்த அன்றும் அப்படித்தான் அறைந்தார் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

லென்ஸ்காரர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். மைத்துனன் எழுந்துகொண்டிருந்தான். சட்டையில் பாதி தூசு, கன்னத்தில் சிறு கற்களின் தடம். தட்டிவிட்டுக்கொள்ளவில்லை. வலதுகையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் இடைவெளியைப் பிடித்திருந்தான். அளவெடுத்தே பழகிய கண்ணுக்குத் தெரிந்தது, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்.

அது கலைந்துவிடாதபடி கையை உடம்போடு சேர்த்துக்கொண்டு, காரைக் கடந்து, முன்னால் நின்ற கறுப்பு வண்டியை நோக்கி அவன் நடந்தான்.