ஜெஸ்மி பேரில் ஒரு பதில்

துறைமுகச் சாலையில் இருக்கும் எங்கள் சரக்கு ஏற்றுமதி ஆபீசில் நான்கு ஏஐ ஏஜென்ட்டுகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தவள் நான்தான். ஒன்று மெயில் படிக்கும். ஒன்று பில் போடும். ஒன்று வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும். நான்காவது மற்ற மூன்றையும் மேய்க்கும், தகராறு என்றால் மட்டும் எனக்குக் காட்டும். வசவு வாங்க மட்டும் நான் ஒருத்தி.

பதில் சொல்லும் ஏஜென்ட்டுக்கு முதலாளி டிக்சன் என் பெயரையே வைத்தார். "வேற பேர் வைங்க சார்" என்றேன்.

"ஏளா, கஸ்டமருக்கெல்லாம் ஜெஸ்மின்னாத்தான் தெரியும். பேரு என்ன தேஞ்சா போவும்?"

என் பழைய அரட்டைகளை எல்லாம் கொடுத்து, என்னைப் போலவே பேச அதைப் பழக்கினேன். நன்றாகவே பழகிக்கொண்டது, பாழாய்ப்போனது.

எங்கள் வாடிக்கையாளர் காயல்பட்டினம் யூசுப்பை அந்த ஊர் வழக்கப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாசரேத் ஊர் கிறிஸ்தவப் பெண்ணான எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். பெட்டி கப்பலேறியதா என்று கேட்கும்போதே வீட்டுக் கதையும் எழுதுவார், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். போன வாரம் அவருடைய அம்மா இறந்துபோனார். 'உம்மா மௌத்' என்று எனக்குச் சேதி அனுப்பியிருக்கிறார். அவர்கள் பேச்சில் உம்மா என்றால் அம்மா, மௌத் என்றால் மரணம். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள், mouth, என்றால் வாய்.

"அம்மாவுக்கு வாய் சீக்கிரம் சரியாயிரும் காக்கா! உங்க பெட்டி நாளைக்குக் கப்பல் ஏறுது" என்று என் பேரில் பதில் போயிருக்கிறது. கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. மேய்க்கிற ஏஜென்ட் அதைக் கனிவான பதில் என்று பாராட்டியிருந்தது. "நீயா இப்படி எழுதுறே?" என்று காக்கா கேட்ட பிறகுதான் தகராறு என்று எனக்குக் காட்டியது. பஸ் பிடித்துக் காயலுக்கு ஓடினேன்.

அவர் வீட்டு வாசலிலேயே அழுதுவிட்டேன். "காக்கா, சத்தியமா நான் எழுதல. எல்லாம் கம்ப்யூட்டர் போடுத பதில்."

அவர் முகம் தெளிந்தது. "அதானே! நீ இப்படி எழுத மாட்டியேன்னு நெனச்சேன்."

பிறகு போனை எடுத்தார். பழைய சேதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"உம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ தெனமும் ஆறுதல் சொன்னியே தங்கச்சி. 'உம்மாவுக்காக ஜெபம் பண்ணுதேன்'னு எழுதினியே. அது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததே எனக்குத் தெரியாது.

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேம்மா" என்றார். "நாசரேத்துப் புள்ள ஒருத்தி ஒனக்காக ஜெபம் பண்ணுதுன்னு சொன்னேன். அத நம்பித்தான் போனா."