நாற்பது பச்சை விளக்குகள்

முதலாளியின் மகளைக் கட்டியதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாத மேலாளருக்கு ஆபீசில் மாப்பிள்ளை என்றுதான் பெயர். அவர் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டியிருந்தார். கம்பெனி பராமரிக்கும் நாற்பது இணையதளங்களுக்கும் தளத்துக்கொரு விளக்கு. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியான தளத்தை பிரவுசர் 'ஆபத்து' என்று தடுத்துவிடும்; அப்படி ஏதாவது ஆனால் சிவப்பு எரியும். எரிந்ததே இல்லை.

எப்படி எரியும்? நாற்பதும் ஒரே சர்வரில் குடியிருந்தன. பெயர் சொல்லிக் கேட்டால்தான் அந்தந்தத் தளத்தின் சான்றிதழ் வரும்; சொல்லாவிட்டால் முதல் தளத்தின் சான்றிதழை நீட்டிவிடும். மாப்பிள்ளையின் திரை பெயரே சொல்லாமல் நாற்பது தடவை கேட்டு, ஒரே சான்றிதழை நாற்பது தடவை பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தது. சர்வரைக் கவனிக்கும் பொறியாளர் இதை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"பச்சையா இருக்குல்லம்மா, அப்புறம் என்ன?" என்றார். இனி எதைப் புதுப்பிப்பதானாலும் தன் அனுமதி வேண்டும் என்று சட்டமும் போட்டார்.

அதனால் பதினேழாம் தளம் அன்று நண்பகலில் காலாவதியாவது தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. மனுஷனுக்கு மூக்கு உடையட்டும். டீயோடு திரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டு. பச்சை. காலாவதியான தளத்துக்கும் பச்சை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

நாலரைக்குத் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, பாப்பாவோட நர்சிங் காலேஜ் அப்ளிகேஷன் ஆபத்துன்னு சொல்லித் திறக்கவே மாட்டேங்குது. மத்தியானத்துலேருந்து முட்டி மோதிட்டிருக்கோம். அஞ்சு மணியோட கடைசி. காலேஜ்ல கேட்டா, கம்பெனில விசாரிச்சாச்சு, எல்லாம் பச்சையா இருக்காம்ங்கிறாங்க. அவ அழுதுட்டே இருக்காக்கா."

பதினேழு. அந்தக் காலேஜின் தளம்தான். மாப்பிள்ளையின் அறைக்கு ஓடினாள்.

"சார், பதினேழாவது சைட்..."

அவர் தலையைக்கூடத் தூக்காமல் திரையைக் கை காட்டினார். விளக்கிச் சொல்லிப் புரியவைப்பதற்குள் விடிந்துவிடும். மணி நாலு நாற்பது. அவள் பேச்சை மாற்றினாள்.

"உங்க போர்டு தப்பே சொல்லாது சார். சும்மா முன்கூட்டியே புதுப்பிச்சு வச்சிடலாமேன்னுதான். உங்க முன்யோசனைன்னே முதலாளிக்கு எழுதிடறேன்."

முகம் மலர அனுமதி கொடுத்தார். புதுப்பிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சொன்னபடி முதலாளிக்கும் எழுதினாள். 

ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது தங்கை மறுபடி கூப்பிட்டாள். "அப்ளிகேஷன் போயிடுச்சுக்கா! நீ மட்டும் அங்க இல்லன்னா இவ கதி என்ன ஆகியிருக்கும்!"

அவள் போனை வைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை திரையை ரசித்துக்கொண்டிருந்தார். அவருக்காவது ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்து டீ குடித்தவள் அவள்தான்.