இன்னொரு சர்வர்

மேனேஜரின் மேசைக்கு அடியில் குனிந்து அவள் ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க? அது என் கம்ப்யூட்டர்!"

"தெரியும் சார். வேற மிஷின் இருக்கா?"

இல்லை. அதுதானே விஷயம்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் தேடும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்ல ஒரே ஒரு சர்வர். அதைக் கட்டிக்காத்தவர் அவள் அப்பா. இன்னொன்று வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டார். "பாக்கலாம்" என்றே காலத்தை ஓட்டினார்கள். காலையில் சர்வர் படுத்துவிட்டது. எழுப்பப் போனவர் அதன் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இப்போது கீழே பிணவறையில் கிடக்கிறார். சான்றிதழ் அச்சாகாமல் உடலைத் தர மாட்டார்களாம். சர்வர் இல்லாமல் சான்றிதழ் அச்சாகாதாம்.

"கையால எழுதிக் குடுங்களேன்" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"ரூல்ஸ்ம்மா" என்றார் மேனேஜர். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீங்களும் இதே தொழில்தானே, கொஞ்சம் பாத்துக் குடுத்தா..." என்று இழுத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து மாடியில் இருந்த அவர் அறைக்கு வந்துவிட்டாள்.

நர்ஸ் கொடுத்த கவரில் அப்பாவின் வாட்ச், கண்ணாடி, சாவிக்கொத்து. கொத்தில் ஒரு பென் டிரைவ். இரண்டாவது மிஷின் கிடைக்காத மனுஷன், பெயர்களையெல்லாம் தினமும் அதில் நகலெடுத்து இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். 'அந்த வேலையையே கட்டிக்கிட்டு அழுங்க' என்று எத்தனை முறை கத்தியிருப்பாள். அவர்மேலும்தான் கோபம் வந்தது.

கழற்றிய கம்ப்யூட்டரை அறை மூலையில் மாட்டி, தன் பையிலிருந்த வேறொரு டிரைவைச் செருகி லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டது.

"ஐயோ, என் ஃபைலெல்லாம் அதுல இருக்கும்மா!"

"பேக்கப் இருக்கா சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் என்டரைத் தட்டினாள்.

பைண்ட், பெயருக்கு எண் சொல்லும் மென்பொருள்; யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். அதை நிறுவினாள். பழைய சர்வரின் எண்ணையே இதற்கும் கொடுத்து, அப்பாவின் பென் டிரைவில் இருந்த கோப்புகளைப் போட்டு ஓடவிட்டாள். கீழே இருக்கும் பிரிண்டரின் பெயரைக் கேட்டுப் பார்த்தாள். எண் வந்தது.

"சரியாயிடுச்சாம்மா?" என்றார் மேனேஜர், வெறும் மேசையைத் தடவியபடி.

கொஞ்ச நேரத்தில் அம்மா ஒரு தாளுடன் வாசலில் வந்து நின்றாள்.

"வந்துடுச்சு. வா, அப்பாவைக் கூட்டிட்டுப் போலாம்."

"இரும்மா, அப்பா கேட்ட இன்னொண்ணு பாக்கியிருக்கு."

அடுத்திருந்த துணை மேனேஜரின் மேசைக்கு அடியில் குனிந்து, அவள் ஒயரைப் பிடுங்கினாள்.