அரை லோட்டாத் தண்ணி

பிள்ள பொறந்து இருபத்திரண்டாம் நாளு. காலையிலேர்ந்து அது அழவே இல்ல.

தங்கச் சுரங்கத்து மாரிகுப்பத்துல மூங்கில் தட்டி வீடு எங்களது. பிள்ள பெத்த பிறகும் என் வயிறு எறங்கல. பாக்க வந்த பொம்பளைங்க, "இன்னாடி கிருஷ்ணம்மா, உள்ள இன்னொன்னு இருக்குதா?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. என் ஓரகத்தி பாப்பம்மாக்காதான் எனக்குப் பிரசவம் பாத்தது. "தண்ணி குடிச்சா வயிறு ஊதிக்கும், பாயை விட்டு எழுந்தா சரிஞ்சுடும்"னு சொல்லி, பழைய வேட்டியால இறுக்கிக் கட்டிவிட்டாங்க. ஒரு நாளைக்கு அரை லோட்டாத் தண்ணி, அதுவும் சுக்குப் போட்டுக் காய்ச்சினது. வயிறு அமுங்கட்டும்னு நானும் பல்லைக் கடிச்சுக்கினு கெடந்தேன். புத்தி கெட்டவ!

பால் சுண்டிக்கினே வந்துச்சு. பிள்ள சப்பும், அழும், மறுபடி சப்பும். அன்னிக்கு அதுவும் நின்னுபோச்சு. உதடு காஞ்சு, உச்சிக்குழி உள்வாங்கிக் கெடந்தது. போட்ட துணி நனையவே இல்ல. வீட்டுக்காரர் பகல் ஷிப்டுக்குச் சுரங்கத்துல எறங்கிட்டார். "அக்கா, பிள்ளையப் பாருங்களேன்"னேன்.

"நல்லாத் தூங்குது. இன்னாத்துக்குக் கண்ணு வெக்கிற?"ன்னு சொல்லிட்டு அடுப்பை ஊதப் போயிட்டாங்க. "ஐடா! ஐடா!"ன்னு தட்டியைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டு ஐடா தன் மூணு மாசக் கைப்பிள்ளையோட ஓடியாந்தா. என் பிள்ளையோட தோலைக் கிள்ளிப் பார்த்தா. மடிஞ்ச தோல் மடிஞ்சபடியே நின்னுது. அவ மூஞ்சி மாறிடுச்சு. "ஐயோ, உனக்குப் பாலே இல்லடி! மொதல்ல வயித்துக் கட்டை அவுத்துப் போடு, தண்ணி குடி. நான் பெத்தப்ப தாகம் எடுத்தப்பெல்லாம் குடிச்சேன், தெனம் தெருக்கோடித் தண்ணிப் பீப்பா வரைக்கும் மெள்ள நடந்தேன். வயிறு தானா எறங்குச்சு."

"அவ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, அவ ஒடம்பு வேற!"ன்னு பாப்பம்மாக்கா கத்துனாங்க.

"இன்னா வேற? அவ குடிக்கிறதும் அதே பீப்பாத் தண்ணிதான், தள்ளுங்கக்கா!" எனக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ, கட்டை அவுத்து வீசிட்டேன். பிள்ளைய ஐடா மடியில போட்டேன். அதுக்குச் சப்பக்கூட தெம்பில்ல. அவ பாலைப் பீச்சி, சொட்டுச் சொட்டா வாயில விட்டா. முழுங்குமா, முழுங்காதா? நான் பானையைத் தூக்கிக் குடிச்சுக்கினே அந்தத் தொண்டையைப் பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அசைஞ்சுது.

மூணு நாள் ஐடாதான் பால் குடுத்தா. நான் தண்ணி குடிச்சேன், வயிறாரச் சாப்பிட்டேன், பீப்பா வரைக்கும் மெள்ள நடந்துட்டு வந்தேன். மணிக்கொரு தரம் பிள்ளைய மார்ல போட்டேன். பால் வராதோ வராதோன்னு நெஞ்சு அடிச்சுக்கினே இருந்தது. நாலாம் நாளு மாராப்பு நனைஞ்சுது. பிள்ள மடக்கு மடக்குன்னு குடிச்சுது.

பாப்பம்மாக்கா எதிர்ல ஒக்காந்து பாத்துக்கினே இருந்தாங்க.

"எனக்குப் பொறந்த ரெண்டும் இப்படித்தான் அழாமக் கெடந்து செத்துப் போச்சுங்க"ன்னாங்க. "தண்ணி குடின்னு எனக்கு யாருமே சொல்லலியேடி."