பெட்டிக்குள் எவ்வளவு?

குண்டூசி என்பது அவள் தம்பி வைத்த பெயர். அதில் பாதி உண்மை, மீதிப் பாதி அவன் குசும்பு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவன் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியதில், லிஃப்ட் கம்பெனி முழுக்க அது பரவிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. தெரிந்தவர்கள் சொல்வதைத் தாங்கிக்கொள்ளலாம். தெரியாதவர்கள்தான் தலைவலி.

தெரியாதவர்களுக்கு அவள் உடம்பின்மேல் அப்படியோர் அக்கறை. பஸ் நிறுத்தத்தில் முன்பின் பார்த்திராத ஓர் அம்மா அவள் கையைப் பிடித்து, "ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பாரேன் கண்ணு" என்றார். துணிக்கடையில் கால் வைத்ததுமே, "உங்க சைஸ் வராதுங்க" என்று கடைக்காரர் கையை விரித்தார். அவள் தம்பிக்குச் சட்டை வாங்கப் போயிருந்தாள்.

இவர்களுக்குச் சொல்ல அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பதில்கள். கேட்டவர் அப்படியே சிலையாகிவிடும்படியான பதில்கள். ஆனால் நேரம் வந்தபோது வாயிலிருந்து வந்ததென்னவோ, அந்த அம்மாவிடம் "சரிங்கம்மா", கடைக்காரரிடம் "மன்னிச்சிடுங்க". நல்ல பதில், அவள் பஸ் ஏறி, உட்கார இடம் பிடித்து, மூச்சு வாங்கி முடித்த பிறகு ஆடி அசைந்து வந்து சேரும்.

"என் பதிலுக்கும் என் உடம்புதான்டா. வேகமா நடக்க வராது" என்பாள் தம்பியிடம்.

போதாக்குறைக்கு, அவள் விரும்பிப் படிப்பதெல்லாம் தூர தேசத்து நாவல்களின் மொழிபெயர்ப்பு. அவற்றில் நாயகிகள் ஜன்னலோரம் வெளிறிப்போய் நிற்பார்கள்; இரண்டு தரம் இருமுவார்கள்; உடனே யாராவது ஓடிவந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் குண்டூசி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, தன்னை ஒருவன் அப்படித் தூக்கிக்கொண்டு போவதை நினைத்துப் பார்ப்பாள். முதல் திருப்பத்திலேயே அவன்மேல் பரிதாபம் வந்து, கற்பனையிலேயே இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவாள்.

அன்று ஆறுமாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை. பழைய லிஃப்டுக்குப் புது இயந்திரம் பொருத்தியாயிற்று. எவ்வளவு பாரம் தாங்கலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் பாக்கி. லிஃப்ட் பெட்டிக்குள் பாரத்தின் எல்லையை ஒட்டி எடைக்கற்களை அடுக்கிவிட்டு ஒருவர் உள்ளேயே நிற்கவேண்டும். கல்லின் எடையோடு தன் எடையையும் வாக்கிடாக்கியில் சொல்லவேண்டும். உச்சியில் மெஷின் ரூமில் இருப்பவர் இரண்டையும் கூட்டிப் பதிவார். இயந்திரம் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். பிறகு எல்லைக்கு மேல் ஆள் ஏறினால் அலாரம் அடித்து, நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

உச்சியில் இருந்தது அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை. மூத்த மெக்கானிக் என்பதால் எல்லாருக்கும் அண்ணன். இவளை எடுக்கலாமா என்று ஆபீசில் இழுத்தபோது, "கல்லு தூக்குறா, வயரிங் புரியுது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவர். அவள் உடம்பைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொல்லாதவர்.

கடைசிக் கல்லையும் இழுத்துவைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கீழ்த்தளக் கூடத்தில் வேடிக்கை பார்க்க இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் நடைப்பயிற்சி முடித்து வந்த டிராக்சூட்காரர். மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். இன்னொருவர் காய்கறிப் பையோடு ஓர் அக்கா.

"எப்பம்மா ஓடும்?" என்றார் டிராக்சூட்.

"மத்தியானம் இன்ஸ்பெக்டர் பாத்துட்டா ஓடிடும் சார்."

"ஓடும்கிற. நீ உள்ள நிக்கிறதப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரலியே!" அக்கா பையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். டிராக்சூட்டுக்கு உற்சாகம் கூடிவிட்டது. "எதுக்கு இத்தன கல்லு? நீ ஒருத்தி போதாதா?"

குண்டூசி வாயைத் திறந்தாள். வந்தது "மன்னிச்சிடுங்க சார்"தான். அந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கி கரகரத்தது.

"பெட்டிக்குள்ள எவ்வளவு?"

"கல்லு மொத்தமும் ஏத்தியாச்சுண்ணே."

"உன்னோடது?"

கதவுக்கு மின்சாரம் துண்டித்திருந்ததால் அது ஆவென்று திறந்து கிடந்தது. டிராக்சூட் ஒரு காதைச் சாய்த்தார். அக்கா பையைக் கீழேயே வைத்துவிட்டார்.

"எழுபதுண்ணே" என்றாள் குண்டூசி.

உண்மையில் தொண்ணூற்றெட்டு. பத்தியமும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் ஒரே மூச்சில் இருபத்தெட்டு கிலோ குறைத்திருக்கிறோமே என்று அவளுக்கே ஒரு மலைப்பு வந்தது.

"பதிஞ்சாச்சு" என்றார் அண்ணன். "நல்லவேளை சரியா செஞ்சோம். இன்ஸ்பெக்டர் சொந்தக் கல்லோட வர்றாராம். ஒண்ணொண்ணா ஏத்திப் பாப்பாராம். அலாரம் அடிக்கவேண்டிய எடத்துல அடிக்கலன்னா என் லைசென்ஸ் காலி. சாப்பிட்டு வந்துடும்மா."

படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். முதல் கவளத்தை உருட்டி, மறுபடி டப்பாவிலேயே வைத்தாள். அவள் மறைத்த இருபத்தெட்டு கிலோவையும் இனி அந்த லிஃப்ட் மறைக்கும். ஆள் கூடுதலாக ஏறினாலும் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடும், அவளைப் போலவே. கயிறு அறுந்துவிடாதுதான், அதற்குத் தெம்பு அதிகம். ஆனால் இன்ஸ்பெக்டர் கல்லை அடுக்கிக்கொண்டே போவார். லிஃப்ட் சும்மா நிற்கும். அண்ணன் தலையைச் சொறிவார்.

மேலே போய் அவர் காதோடு சொல்லிவிடலாமா? லிஃப்ட் இல்லாமல் ஆறு மாடி. ஏறிப் போனால் சொல்லவேண்டிய எண் கொஞ்சம் குறையவும் வாய்ப்பு உண்டுதான். ஆனால் என்ன சொன்னாலும், மறுபடி பதியவேண்டுமென்றால் அவள் பெட்டிக்குள் நின்றாகவேண்டும். காதில் சொன்னதை அண்ணன் பதியமாட்டார்; எண்ணை அங்கே நின்று சொன்னால்தான் பதிவார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார்.

டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பெட்டிக்குள் போய் நின்றாள். டிராக்சூட்டும் அக்காவும் நகரவே இல்லை. அவர்களுக்கு வீட்டில் வேலையே கிடையாது போலிருக்கிறது.

"அண்ணே, எடையத் திரும்பப் பதியணும்."

"ஏன்? கல்லு விட்டுப்போச்சா?"

"கல்லு சரியாத்தான் இருக்கு. நான்தான் விட்டுப்போச்சு. தொண்ணூத்தெட்டு."

"இரைச்சலா இருக்கு, சத்தமா சொல்லு!"

கதைகளில் இந்த இடத்தில் நாயகி மயங்கி விழுவாள். இவள் விழுந்தால் அதற்கும் டிராக்சூட் ஏதாவது சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "தொண்ணூத்தி எட்டு!"

படிக்கட்டுக் கூண்டு வழியாக அந்த எண் மாடி மாடியாக ஏறிப் போனது. எந்த மாடியிலோ ஒரு கதவு திறந்து மூடியது. "அடேங்கப்பா" என்றார் அக்கா.

"எழுபதுன்னியேம்மா?" என்றார் அண்ணன்.

"எடை தொண்ணூத்தெட்டுண்ணே. எழுபது என்னோட ஆசை."

 மேலே விசைப்பலகை தட்டும் சத்தம். "பதிஞ்சாச்சு. இனிமே ஆசையெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வா. இப்ப அலாரத்த சோதிக்கணும். இன்னொரு ஆள ஏத்து, எடை கேட்டுச் சொல்லு."

அவள் கூடத்தைப் பார்த்தாள். "எனக்கு முட்டிவலிப்பா" என்று அக்கா பின்வாங்கினார். நிற்பதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. டிராக்சூட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"உங்க எடை சார்?"

"நானா? டெய்லி நடக்கிற ஆளு. ஒரு அறுபத்தஞ்சு இருக்கும்."

குண்டூசி அவருடைய ஜிப்பைப் பார்த்தாள். அது தன் கடமையைச் செய்ய மிகவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் கல் தூக்குகிற கைக்கு, பாரம் பார்த்தாலே தெரியும்.

"'இருக்கும்'னு சொன்னா லிஃப்ட் ஒத்துக்காது சார். நானும் காலையில அப்படித்தான் சொன்னேன், பாத்தீங்கல்ல?"

இந்த முறை பதில் தாமதிக்காமல் வந்திருந்தது. ஒத்திகை பார்க்காத பதில். அது யாரையும் சிலையாக்கவில்லை. அவர் முகம் மட்டும் காதுவரை சிவந்தது. குனிந்து, ஜாதகத்தில் உள்ள தோஷத்தைச் சொல்வதுபோல் கிசுகிசுத்தார். "எண்பத்தொண்ணு. மெல்ல சொல்லும்மா, அந்தம்மா எங்க மாடிதான்."

"எவ்வளவு?" என்றார் அண்ணன்.

டிராக்சூட்டின் கண்கள் கெஞ்சின. இதைத்தானே எத்தனையோ நாளாகக் கனவு கண்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு கத்து கத்தினால் ஆறு மாடிக்கும் கேட்கும். ஆனால் அந்த மனிதர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்ற விதம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவளும் அப்படித்தான் நிற்பாள்.

பட்டனை அழுத்தினாள். "ரெண்டு பேரும் சேத்து நூத்தி எழுபத்தொம்பதுண்ணே."

டிராக்சூட் மூச்சை விட்டார். வயிறும் பழைய இடத்துக்கு வந்தது. வெளியே அக்கா விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நூத்தி எழுபத்தொம்பதுல தொண்ணூத்தெட்டு போனா... எண்பத்தொண்ணா! அண்ணாச்சி, நீங்களா?"

"நீங்க காயப் பாருங்க அக்கா, வாடிடப்போகுது!"

மேலே அண்ணன் விசையைப் போட்டதும் அலாரம் அலறியது. டிராக்சூட் துள்ளி வெளியே குதிக்கப் போனார். "இது நிக்காதா?"

"நீங்க எறங்கினா நின்னுடும் சார்" என்றாள் குண்டூசி. அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள். "கொஞ்சம் பொறுங்க. அண்ணன் மேல கேட்டுட்டிருக்காரு."

இரண்டு பேரும் கற்களுக்கு நடுவில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். லிஃப்ட் கத்திக்கொண்டே இருந்தது. வாக்கிடாக்கியில் அண்ணன், "அப்படித்தான், அப்படித்தான்" என்று குழந்தை முதல் அடி எடுத்துவைத்ததைப் பார்த்தவர்போல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.