குடுவையில் விழுந்த திருநீறு

வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வந்திருந்த உக்கிரபாண்டிக்கு அந்தப் பள்ளியின் ஆய்வகமே அருவருப்பாக இருந்தது. கால் ஆடும் மேசைகள். அவற்றின் முன்னே விடுதிச் சோற்றில் வளர்ந்த பையன்கள். இதுகளுக்கெல்லாம் எதற்குப் பிளஸ் டூ என்று எண்ணியபடி வந்தவர், சோலை என்ற பையனின் மேசையருகே நின்றார்.

கூம்புக் குடுவைக்குள் அமிலம் கலங்கிக் கிடந்தது. சின்னச் சின்னக் குமிழ்கள் வேறு.

"என்னடா போட்ட?"

சோலை நிமிர்ந்தான். "திருநீறு, சார். காலைல திருப்பரங்குன்றம் போயிட்டு வந்தேன். நல்லபடியா வரணும்னு ஒரு சிட்டிகை..."

உக்கிரபாண்டி வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சர், இங்க வாங்க! அமிலத்துக்கே பட்டை போட்டு விட்டிருக்கான் உங்க பிள்ளை. எந்த ஊருடா?"

"கொட்டாம்பட்டிப் பக்கம், சார்."

"அதான பார்த்தேன். சாம்பல் காரம்டா, முட்டாள்! நீ பியூரெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே அது அமிலத்துல ஒரு பங்கை உப்பும் தண்ணியுமா ஆக்கிருச்சு. இனி உன் கணக்கு எப்படிடா சரியா வரும்?"

முட்டை போடப் பேனாவைத் திறந்தார். செய்முறையில் தேறாவிட்டால் பையன் அப்பனோடு கூலிக்குக் கடலை பறிக்கத்தான் போவான் என்று அவருக்குத் தெரியும். பறிக்கட்டுமே.

ராமக்காள் டீச்சர் வாதாடவில்லை. குடுவையைக் கொட்டிக் கழுவி, காய்ச்சி வடித்த நீர் விட்டு அலசி, சோலையிடம் நீட்டினார். "நேரம் இருக்குல்ல சார், இன்னொருக்க செய்யட்டும். சாமி கும்பிட்டதுக்கா பெயிலாக்குவீங்க?"

"செய்யட்டும், செய்யட்டும். இப்ப குங்குமம் போடுவானா?"

சோலை அமிலத்தை அளந்து விட்டு, நிறங்காட்டியைச் சேர்த்தான். கை நடுங்கியது.

"பாருங்க, சாமியாடுறான்!"

காரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. விழுந்த இடம் சிவந்து, ஆட்டியதும் வெளுத்தது. கடைசியில் ஒரு சொட்டுக்கு வெளிர் ரோஜா நிறம் வந்தது. ஆட்டினான்; போகவில்லை. குழாயை மூடினான்.

உக்கிரபாண்டி குனிந்து அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இகழ ஏதாவது கிடைக்காதா என்று தேடினார். ஒரு சொட்டுப் பிழைகூட இல்லை.

"குருட்டு யோகம்," என்று முனகி, குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்து, தேறும் மதிப்பெண்ணைப் போட்டார்.

சோலை கையெடுத்துக் கும்பிட்டான். தனக்குத்தான் என்று நினைத்து உக்கிரபாண்டி பெரிய மனுசனாகத் தலையசைத்தார். பையனின் கண் அவருக்குப் பின்னால், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்ற டீச்சர் மீது இருந்தது.